எத்தனை மணி நேரத்துக்கு?

நெய்வேலிக்கு வரும் விருந்தாளிகளுக்கு முதலில் சுரங்கத்தைக் காட்டுவார்கள். பக்கெட் வீல் எந்திரம் மண்ணை வாருவதை மேட்டில் நின்று பார்த்துவிட்டு அனல்மின் நிலையத்துக்கு வருவார்கள். டர்பைன் தளத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று, கன்ட்ரோல் ரூமில் ஒரு போட்டோ, கேன்டீன் காபி. பேட்டரி ரூமுக்கு யாரையும் அழைத்துப் போனதில்லை. அமில நெடி அடிக்கும், சட்டையில் ஓட்டை விழும். அங்கே வேலை பார்த்தவரைக்கூட நிலையத்தில் பலருக்கு முகம் தெரியாது.

மந்தாரக்குப்பத்தில் குடியிருக்கும் அந்த ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் தன் சர்வீஸில் பெரும்பகுதியை அந்த அறையில்தான் கழித்தார். நாட்டில் எங்காவது பெரிய பேட்டரி நிலையம் வருகிறது என்று செய்தி வந்தால், கூடப் படிக்கிறவர்களுக்கு அது இரண்டு வரி. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பார். படித்து முடித்ததும் எப்போதும் ஒரே கேள்வி: "மெகாவாட்டைப் போட்டிருக்கான். எத்தனை மணி நேரத்துக்குன்னு போடலியே?"

அந்தக் கேள்வி அவருக்குத் தொழிலிலிருந்து வந்தது. அனல்மின் நிலையத்தின் பேட்டரி அறையில் கண்ணாடி ஜாடிபோல வரிசையாக நூற்றுச் சொச்சம் செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 2 வோல்ட், எல்லாம் சேர்ந்து 220 வோல்ட் டி.சி. ஈயத் தகடு, கந்தக அமிலம், வடிநீர். காலையில் வந்ததும் பைலட் செல்லின் மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரை விட வேண்டும். மிதவை 1200-ல் நின்றால் செல் நலம். 1180 என்றால் எங்கோ கோளாறு. வெப்பநிலையைப் பார்த்து, 27 டிகிரிக்குக் கணக்குச் சரிக்கட்டி, நோட்டில் எழுத வேண்டும். முனைகளில் பச்சை பூத்திருந்தால் துடைத்து வாசலின் தடவ வேண்டும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர். மாதங்கள், வருடங்கள் இதே வேலைதான்.

இவ்வளவு பராமரிப்பும் பயன்படுத்தவே கூடாத ஒரு பொருளுக்கு. நிலையம் ஓடும்போது பேட்டரி சும்மா ஃப்ளோட் சார்ஜில் கிடக்கும். மின்தொகுப்பே சரிந்து, நிலையத்துக்குள் ஏ.சி. சப்ளை மொத்தமும் போனால்தான் அதற்கு வேலை. அப்போது 3000 சுற்றில் சுழன்றுகொண்டிருக்கும் டர்பைன் உடனே நிற்காது. நின்று அடங்க அரை மணி நேரம் பிடிக்கலாம், கூடவும் ஆகலாம். அதுவரை தாங்கிகளுக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஏ.சி. எண்ணெய்ப் பம்புகள் செத்துவிட்ட அந்த நேரத்தில் எண்ணெயைத் தள்ளுவது ஒரே ஒரு டி.சி. பம்ப். அதுவும் கைவிட்டால் தாங்கியின் வெள்ளை உலோகம் உருகும், தண்டு வளையும், யூனிட் மாதக்கணக்கில் படுத்துவிடும். பிரேக்கரைத் திறப்பதற்கும், பாதுகாப்பு ரிலேக்கள் வேலை செய்வதற்கும், படிக்கட்டில் ஒரு பல்பு எரிவதற்கும்கூட அந்த ஜாடிகள்தான் கதி.

பேட்டரியை வைத்திருப்பது பெரிய காரியமில்லை, கேட்ட நேரத்தில் கேட்ட அளவு கொடுக்குமா என்பதுதான் காரியம் என்பார் அவர். அதற்குத்தான் டிஸ்சார்ஜ் டெஸ்ட். பத்து மணி நேரக் கணக்கில் ஒரே சீரான மின்னோட்டத்தை இழுத்து, மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் எழுதி, எந்த செல் முதலில் 1.85-க்கு விழுகிறது என்று பார்ப்பது. நூறு நல்ல செல் இருந்தாலும் தொடரில் ஒரு செல் சொத்தையாக இருந்தால் மொத்தமும் அதன் தரத்துக்கு இறங்கிவிடும்.

பேட்டரி அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த பெரிய கதை ஃப்ரீக்வென்சியின் கதை. 50 ஹெர்ட்ஸ் என்றால் டர்பைன் 3000 சுற்று. தேவை கூடி உற்பத்தி போதாமல் போனால் தொகுப்பில் உள்ள எல்லா டர்பைனும் சேர்ந்து மெதுவாகும். 1990-களில் தென்னக மின்தொகுப்பு 48-ஐத் தொட்டுவிட்டு வருவது சர்வசாதாரணம். 48 என்றால் 2880 சுற்று. பழைய ஆட்கள் மீட்டரைப் பார்க்காமலே டர்பைனின் சத்தத்தில் அதைக் கண்டுபிடிப்பார்கள். அவசரத்துக்கு ஃபீடர்களை அறுத்துவிடுவது ஒன்றே மருந்து. ஊர்ப்பக்கம் அதற்குப் பெயர் கரண்ட் கட்.

2003 ஜனவரி 1 முதல் தெற்கே புதிய கட்டண முறை வந்தது. ஃப்ரீக்வென்சி இறங்கிக் கிடக்கும் நேரத்தில் அட்டவணைக்கு மேல் எடுக்கும் மாநிலம் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும், அதே நேரத்தில் கூடுதலாகக் கொடுக்கும் நிலையத்துக்குக் கூடுதல் வரவு. சில மாதங்களிலேயே ஊசி 50-ஐ ஒட்டி நிற்கத் தொடங்கியதை அவர் ஆச்சரியத்தோடு சொல்வார். கம்பியும் இல்லை, எந்திரமும் இல்லை, பில் மட்டும்தான் மாறியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தெற்கு நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்தது. அதன் பிறகு ஒரு நிலையம் டிரிப் ஆனால் தாங்குவதற்கு காஷ்மீர் வரைக்கும் தோள்கள் உண்டு.

இடையில் 2012 வந்தது. தமிழ்நாட்டின் மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த ஆண்டு. அந்த வருஷம் இன்வெர்ட்டர் வாங்காத நடுத்தரக் குடும்பம் குறைவு. மந்தாரக்குப்பத்தில் தெருவுக்குத் தெரு மாடிப்படிக்கு அடியில் ஒரு டியூபுலர் பேட்டரி உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஓய்வில்லை. "அண்ணே, கொஞ்சம் தண்ணி அளவு பாத்துட்டுப் போங்கண்ணே" என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். சிலர் குழாய்த் தண்ணீரை ஊற்றிவைத்துவிட்டு ஆறு மாதத்தில் பேட்டரி செத்தது என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்போதே அவர் ஒன்றைக் கவனித்தார். மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் பேட்டரி. எல்லாம் சேர்ந்தால் பெரிய சேமிப்புக் கிடங்குதான். ஆனால் யாருடைய கையிலும் அதன் கடிவாளம் இல்லை. கரண்ட் வந்த அடுத்த நொடியே எல்லாப் பேட்டரியும் ஒன்றாகச் சார்ஜ் இழுக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் தொகுப்பின் தலையில் அது இன்னொரு சுமை. ஈய பேட்டரியில் ஏற்றிய மின்சாரம் முழுதாகத் திரும்பி வருவதும் இல்லை. கணிசமான பங்கு சூடாகப் போய்விடும். பற்றாக்குறைக்குப் பயந்து வாங்கிய பெட்டிகள் பற்றாக்குறையைக் கூட்டின. எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று ஒரே இடத்திலிருந்து முடிவெடுத்தால்தான் பேட்டரி தொகுப்புக்கு உதவும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை, தெருவைப் பார்த்துக் கற்றார்.

சேமிப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980-களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் வேளையில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தட்டுப்பாடான வேளையில் இறக்கும். ஆனால் அதற்கு மலை வேண்டும், இரண்டு நீர்த்தேக்கம் வேண்டும், கட்டி முடிக்கப் பல வருடம் வேண்டும். கன்டெய்னரில் அடுக்கி வரும் பேட்டரிக்குச் சமதரையும் ஒரு துணைமின் நிலையமும் போதும்.

நெய்வேலிக்காரர்களுக்குச் சேமிப்பின் தேவை உறைத்தது சூரிய மின்சாரம் பெருகிய பிறகுதான். பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். கிலோவுக்குச் சுமார் 2600 கிலோ கலோரி வெப்பம்தான் தேறும். இதை எரிக்கும் பாய்லர் நிதானமாக, முழு லோடில் ஓடவே விரும்பும். லோடு குறைந்தால் சுடர் தடுமாறும். எண்ணெய் பர்னரைத் துணைக்குப் போட வேண்டியிருக்கும். இப்போது நிலைமை என்ன? நண்பகலில் சூரியன் கொட்டும்போது "இறக்கு" என்று உத்தரவு வரும். மாலை ஆறு மணிக்குச் சூரியன் விழ, வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் ஏற, "ஏற்று" என்று உத்தரவு வரும். அனல் யூனிட் நிமிடத்துக்கு நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் ஏறும். தடித்த டர்பைன் உறை தினமும் சூடாகிக் குளிர்ந்தால் அதன் ஆயுளும் குறையும். நிலக்கரி யூனிட்டுகள் 40 சதவீத லோடு வரை இறங்கிப் பழக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிமுறை சொல்கிறது. காகிதத்தில் எழுதுவது சுலபம், மழைக்காலத்து நனைந்த நிலக்கரியை வைத்துக்கொண்டு பாய்லர் முன்னால் நிற்கிறவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும் என்பது அவர் தரப்பு.

நெய்வேலி நிறுவனமே இந்தப் பக்கம் வந்தது அந்தமானில்தான். போர்ட் பிளேர் அருகே அட்டம்பஹாட், டாலிகஞ்ச் என்னும் இரண்டு இடங்களில் என்.எல்.சி. இந்தியா 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு 8 மெகாவாட்-மணி பேட்டரியையும் சேர்த்து 2020-ல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. அந்தமான் தனித் தீவு, தனித் தொகுப்பு. டீசல் ஜெனரேட்டர்களை நம்பியிருந்த ஊர். பெரிய தொகுப்பில் ஒரு மேகம் கடந்துபோவதை யாரும் உணர மாட்டார்கள். தீவில் அதே மேகம் சூரியத் தகடுகளின் மேல் நிழல் போட்டால் ஃப்ரீக்வென்சி ஆடிப்போகும். டீசல் எஞ்சின் சுதாரிக்கும் வரை இடைவெளியை நிரப்புவது பேட்டரி. 8 மெகாவாட்-மணியை ராத்திரி முழுக்க எரிக்க முடியாது, எரிப்பது அதன் நோக்கமும் இல்லை.

இதே காரணத்துக்காக 1980-களிலேயே ஒரு நகரம் ஈய பேட்டரியைப் பெரிய அளவில் கட்டிப் பார்த்தது. சுற்றிலும் கிழக்கு ஜெர்மனி சூழ, மின்சாரத்திலும் தீவாக இருந்த மேற்கு பெர்லின். 17 மெகாவாட், எல்லாம் ஈயமும் அமிலமும். இதைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் இனம் என்று நினைத்திருப்பார்.

அவருக்குப் பிடித்த இன்னொரு கதை ஆஸ்திரேலியாவுடையது. 2017 டிசம்பர் 14, பின்னிரவு இரண்டு மணி வாக்கில் விக்டோரியா மாநிலத்தின் லாய் யாங் நிலையத்தில் 560 மெகாவாட் யூனிட் ஒன்று டிரிப் ஆனது. லாய் யாங்கும் பழுப்பு நிலக்கரி நிலையம். சுரங்கத்தை ஒட்டியே நிலையம், நெய்வேலி மாதிரியே. ஃப்ரீக்வென்சி சரிந்தது. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணையில் டெஸ்லா நிறுவனம் நிறுவிய பேட்டரி, அந்த மாதம் 1-ஆம் தேதிதான் இயங்கத் தொடங்கியிருந்தது. ஒரு நொடிக்குள் அது மின்சாரத்தைத் தொகுப்புக்குள் தள்ளியது. கொடுத்தது 7 மெகாவாட் சொச்சம்தான். 560 போன இடத்தில் 7 என்பது ஒன்றுமே இல்லை என்று பத்திரிகையில் சிலர் கிண்டலும் செய்தார்கள். நெய்வேலிப் பேட்டரிக்காரர் சிரிக்கவில்லை. இழப்பை ஈடுகட்டும் ஒப்பந்தம் வைத்திருந்த நிலக்கரி நிலையம் அசைவதற்கு முன்பே பேட்டரி பதில் சொல்லிவிட்டது என்பதுதான் அவருக்கு முக்கியம். அவருடைய டி.சி. எண்ணெய்ப் பம்பும் அப்படித்தான். முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் டீசல் ஜெனரேட்டர் வந்து பார்த்துக்கொள்ளும்.

இனி அவருடைய அந்தக் கேள்விக்கு வரலாம். என்.எல்.சி. இந்தியாவின் துணை நிறுவனமான என்.எல்.சி. இந்தியா ரினியூவபிள்ஸ், தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்துக்காக 250 மெகாவாட் / 500 மெகாவாட்-மணி பேட்டரி நிலையங்கள் அமைக்க 2025-ல் ஒப்பந்தம் பெற்றது. ஒட்டப்பிடாரம், அனுப்பன்குளம், கயத்தாறு துணைமின் நிலையங்களில். காற்றாலையும் சூரியத் தகடும் நிறைந்த தென்மாவட்டங்கள். 250-க்கு 500 என்றால் இரண்டு மணி நேரம். அவர் காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டார். 500 மெகாவாட்-மணி என்பது 5 லட்சம் யூனிட். 1000 மெகாவாட் புதிய நெய்வேலி அனல்மின் நிலையம் முழு லோடில் அரை மணி நேரத்தில் இதை உற்பத்தி செய்துவிடும். 2024 ஏப்ரல் 30 அன்று தமிழ்நாடு செலவழித்தது 45 கோடி யூனிட்டுக்கு மேல். அதில் இது தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. மாநிலம் முழுவதையும் ஒன்றரை நிமிடம் ஓட்டலாம்.

அப்படியானால் வீணா? அங்கேதான் அவர் பத்திரிகைக்காரர்களோடு சண்டை பிடிப்பார். சுரங்கத்துக்கு மாற்று பேட்டரி என்று எழுதுகிறவரையும் பிடிக்காது, பேட்டரி ஒரு பொம்மை என்று எழுதுகிறவரையும் பிடிக்காது. பேட்டரி ஒரு யூனிட்டும் உற்பத்தி செய்வதில்லை. உள்ளே போனதில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. அது விற்பது நேரத்தை. மதியம் யாருக்கும் வேண்டாத மின்சாரத்தை மாலை ஏழு மணிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்காக மட்டும் ஒரு அனல் யூனிட்டை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்க வேண்டாம், சந்தையில் அடாத விலைக்கு வாங்கவும் வேண்டாம்.

விலை விழுந்த வேகம்தான் அவரை மலைக்க வைத்தது. 2022-ல் மத்திய அரசின் சூரிய எரிசக்திக் கழகம் நடத்திய ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு மாதம் ரூ.10.84 லட்சம் என்று வந்தது. மூன்று ஆண்டு ஆவதற்குள் சில மாநில ஏலங்களில் அது 2 லட்சத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்கக்கூடாது. முன்னதில் நாளுக்கு இரண்டு முறை ஏற்றி இறக்க வேண்டும், பின்னதில் அரசு மானியம் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் இறக்கம் இறக்கம்தான். அவர் சர்வீஸ் காலம் முழுக்க ஈய பேட்டரியின் விலை ஏறியதை மட்டுமே பார்த்தவர்.

அவருடைய தம்பி மகன் இப்போது தெற்கே பேட்டரி கன்டெய்னர்களை நிறுவும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர். போன் வந்தால் வீட்டு விஷயம் இரண்டு நிமிடம், பேட்டரி அரை மணி நேரம்.

"ஹைட்ரோமீட்டரை எங்கடா விடுவீங்க?"

"அதெல்லாம் கிடையாது பெரியப்பா. செல்லு எல்லாம் சீல் பண்ணது."

"அப்ப எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு எப்படித் தெரியும்? வோல்டேஜ் வெச்சா?"

"வோல்டேஜ் வெச்சுக் கஷ்டம். இருபது பர்சன்ட்லயும் எண்பது பர்சன்ட்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் காட்டும். உள்ள போற ஆம்பியர், வெளிய வர்ற ஆம்பியர், ரெண்டையும் சாஃப்ட்வேர் கூட்டிக் கழிச்சுக்கிட்டே இருக்கும்."

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லின் இந்தக் குணம் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஈய செல்லில் அமிலமே கணக்குச் சொல்லும்: சார்ஜ் இறங்கினால் அடர்த்தி இறங்கும், மிதவை தாழும். கண்ணால் பார்க்கலாம். இங்கே கணக்குப்பிள்ளையை நம்ப வேண்டும். கணக்குப்பிள்ளை அவ்வப்போது தப்பும் செய்வான். அதனால் சில நாளுக்கு ஒரு முறை முழுக்க ஏற்றிவிட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள் என்று தம்பி மகன் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனார். "அப்ப டிஸ்சார்ஜ் டெஸ்ட் இன்னும் இருக்குன்னு சொல்லு."

இருக்கிறது. இன்னும் கறாராக இருக்கிறது. ஒப்பந்தத்தில் சொன்ன கொள்ளளவும் திறனும் வருடா வருடம் நிரூபிக்கப்பட வேண்டும். நூறு ஏற்றினால் எண்பத்தைந்தாவது திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அபராதம். தென்மாவட்டத்து வெயிலில் கன்டெய்னரைக் குளிர்விக்கவே பேட்டரி தன் மின்சாரத்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது, அதுவும் கணக்கில் வரும்.

தீ விஷயத்தில் பெரியப்பா விடமாட்டார். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் பூஸ்ட் சார்ஜ் போடக்கூடாது என்பது அவர் காலத்து வேதவாக்கு. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி கட்டடத்தில் செல்கள் சூடேறி வாயு கக்கின. தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தபோது வெடித்து, பலர் படுகாயமடைந்தார்கள். உள்ளே தேங்கியிருந்த வாயுவில் ஹைட்ரஜனும் இருந்தது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பழைய டர்பைன் கட்டடத்துக்குள் நெருக்கி அடுக்கியிருந்த பேட்டரிகள் எரிந்து, ஊரில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அங்கே இருந்தது வேறு ரசாயனம். இப்போது வாங்குகிற இரும்பு பாஸ்பேட் அதைவிட நிதானமானது, கன்டெய்னர்களுக்கு நடுவே இடைவெளியும் விடுகிறார்கள். ஆனாலும் ஒரு செல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளத் தொடங்கினால் மேலே தண்ணீர் அடித்து அடக்குவது கடினம். நெய்வேலி ஆளுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. குவித்துவைத்த பழுப்பு நிலக்கரி யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் கனன்று புகையும் ஊர் அது.

பேட்டரிக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய 600 மெகாவாட் கொண்ட நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் முழுதாக நிறுத்தப்பட்டது. அத்தனை கனமான சுழலும் இரும்பு தொகுப்பிலிருந்து போனது. டர்பைன் சுழலும் வேகத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல் ஒரு அதிர்ச்சியின் முதல் சில நொடிகளைத் தானாகவே தாங்கும். சூரியத் தகட்டில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. அந்த வேலையையும் இனி பேட்டரியின் இன்வெர்ட்டர்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

லாய் யாங்குக்குப் பக்கத்திலேயே ஹேசல்வுட் என்றொரு பழுப்பு நிலக்கரி நிலையம் இருந்தது. 2017 மார்ச்சில் மூடினார்கள். 2023-ல் அதே வளாகத்தில் 150 மெகாவாட் / 150 மெகாவாட்-மணி பேட்டரி திறக்கப்பட்டது. நிலையம் போனாலும் பெரிய மின்தடங்கள் அங்கேயே இருந்ததால், பேட்டரிக்குப் புதுத் தடம் இழுக்கத் தேவையில்லாமல் போனது. நெய்வேலியிலும் அப்படி ஒன்று வரலாமே என்று தம்பி மகனுக்கு ஆசை. பெரியப்பாவும் மறுக்கவில்லை. ஆனால் ஹேசல்வுட் மூடியபோது அங்கே வேலையிழந்தவர்கள், ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்து, சுமார் 750 பேர் என்பதை அவன்தான் ஒருமுறை சொல்லியிருந்தான். அதை அவர் மறக்கவில்லை.

"உங்க சைட்ல நைட் ஷிப்ட்ல எத்தனை பேருடா?"

"செக்யூரிட்டி ரெண்டு பேரு. மத்தபடி கன்ட்ரோல் எல்லாம் வேற ஊர்லேருந்து பாப்பாங்க பெரியப்பா."

"ஒரு ஷிப்டுக்கு ஒரு டி.சி. ஆளுகூடவா கிடையாது?"

"பகல்ல உண்டு. கமிஷனிங் முடியிற வரைக்கும் நிறைய ஆள் வேணும்."

"சரி. நம்ம தெருவுல ஒரு பையன் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் முடிச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கான். கிரிம்ப் பண்ணவும் டார்க் ரெஞ்ச் பிடிக்கவும் நானே பழக்கி அனுப்புறேன். உங்க சைட் இன்சார்ஜ்கிட்ட கேட்டுட்டு நாளைக்கே போன் பண்ணு."